அருகிருந்தும் காணாத பதுளை

உல்லாசப் பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தமிழ்க் குடும்பங்களின் நினைவுக்கு வருவன மிகச் சில ஊர்களே. ஆடி மாதமாயின் கதிர்காமம். பாடசாலை விடுமுறையாயின் கண்டி, நுவரெலியா. கையிற் சற்றுப் பணம் மிகுந்திருக்குமாயின் மதுரையும் திருச்செந்தூரும். தாம் குடியிருக்கும் ஊரையும் பார்க்கத்தக்க ஊர்களுள் ஒன்றாக மதிப்பவர் அரியர். பதுளையிற் பல ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நாமும் அண்மைக் காலம் வரை அவ்வரியாருட் சேர்ந்தவரல்லோம் என்பதை ஒளியாமற் கூறிவிடுகின்றோம். நம்மை மாற்றியது ஒரு கட்டுரைக் கொப்பி.

2024ஆம் ஆண்டில் ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு 'நான் கண்டு மகிழ்ந்த ஓரிடம்' என்னும் தலைப்பைக் கொடுத்து எழுதப் பணித்தோம். கொப்பிகள் வந்து குவிந்தன. கண்டிப் பெரஹராவைக் கண்டு எழுதியவர் சிலர். காணாமலே கண்டதாக எழுதியவர் பலர். ஒரு மாணவன் தாஜ்மகாலுக்கே சென்று திரும்பியிருந்தான். அவன் கடவுச்சீட்டு எடுத்த செய்தி நமக்கு எட்டவில்லை! இவற்றின் நடுவே, பசறை வீதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவியொருத்தி நான்கே வரிகள் எழுதியிருந்தாள்.

"எங்கள் தோட்டத்தைப் பார்ப்பதற்குத் தூரதேசத்தார் வருகின்றார்கள். லயத்துக்கு மேலே நின்று நெடுநேரம் பார்க்கின்றார்கள். அவர்கள் எதைப் பார்க்கின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் ஓரிடத்துக்கும் போகவில்லை."

இதற்கு எத்தனை புள்ளி இடுவது? கொடுத்த தலைப்புக்கு இது கட்டுரையன்று; பொய்யுமன்று. சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தோம்.

மறுவாரம் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் தாயார் வந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். பதுளை நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவிலிருக்கும் துன்ஹிந்த அருவியையேனும் பிள்ளைகளுக்குக் காட்டியதுண்டா என்று கேட்டோம்.

"பேரு தெரியும் சேர். இருவத்திரெண்டு வருசமா மலையிலதான் நிக்கிறேன், மலையப் பாக்க வேற போகணுமா?" என்று சிரித்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமன்னா வெறகு இருக்கு, துணி இருக்கு. பஸ்ஸுக்குக் காசு குடுத்துத் தண்ணி விழுறதப் பாக்கப் போனேன்னா லயத்துல சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

காசு ஒரு தடைதான்; ஆனால், சிரிப்பார்கள் என்ற சொல்லே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஊர் பார்த்தல் தமக்குரியதன்று, அது துரைமாருக்கும் வெளிநாட்டாருக்கும் உரிய பொழுதுபோக்கு என்று நான்கைந்து தலைமுறையாகப் படிந்துபோன எண்ணம் அது.

யப்பானில் நிலைமை வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் தலைநகராயிருந்த கியோட்டோவுக்கும், அதற்கும் முந்திய தலைநகரான நாராவுக்கும் நாடெங்குமிருந்து பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரோடு கல்விப் பிரயாணம் வருகின்றனர். பாடசாலை வாழ்வில் அது தவறாத ஒரு கடமை. நாராவிலே மான்கள் தெருவில் உலவுகின்றன; பிள்ளைகள் பிஸ்கோத்து ஊட்டுகின்றனர். அங்குள்ள பெரும் புத்தர் கோயிலில் ஒரு மரத்தூணின் அடியில் துளையொன்று உண்டு. அது பெரிய புத்தர் சிலையின் மூக்குத் துளையின் அளவினதாம். அதனூடே பிள்ளைகள் தவழ்ந்து மறுபுறம் வந்தால் நற்பேறு என்பது நம்பிக்கை. பருத்த தந்தைமார் முயன்று இடையில் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு போலும்! இதை வகுப்பிற் கூறியபோது பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். நம் ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். விடையை வாயாற் சொல்வதிலும் காலால் நடந்து காட்டுவதே தகும் என்று தோன்றிற்று.

ஆகவே அவ்வாண்டு கச்சான் காற்று வீசும் காலத்து ஞாயிறொன்றில் நம் குடும்பத்தார் நால்வரும், அம்மாணவியும் தாயாரும் தம்பியும் ஆக எழுவர் புறப்பட்டோம். தந்தையார் கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்பவராதலின் வர இயலவில்லை. தாயார் முதலில் மறுத்தார். நம் இல்லத்தரசி, "நீங்க வரலன்னா நானும் போகல" என்று சொல்லிவிட்ட பிறகே இசைந்தார். ரொட்டியும் சம்பலும் அவர் கொண்டுவந்தார். புளிச்சோறும் பருப்பு வடையும் நம் வீட்டுப் பங்கு.

முதலிற் சென்றது பொது நூலக வளாகம். அருவிக்குப் போகப் புறப்பட்டவர்களைக் கல்லைப் பார்க்க அழைத்துச் சென்ற ஆசிரியப் புத்தியை நம் மகன் குறைகூறினான். ஆயினும் அங்கு நிற்கும் தூண் சாதாரணக் கல்லன்று. பத்தாம் நூற்றாண்டில் அரசாண்ட நான்காம் உதயன் என்னும் மன்னன் காலத்துச் சாசனம் அது. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவியின் பக்கத்திற் கிடந்ததை 1857இல் ஜோன் பெய்லி என்னும் ஆங்கில உத்தியோகத்தர் கண்டார். பின்னர் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கு பக்கமும் எழுத்துக்கள். இருநூறுக்கு மேற்பட்ட வரிகள்.

செய்தி இதுதான். ஹோபிட்டிகம என்றொரு சந்தைப் பட்டினம் அங்கு இருந்தது. மன்னன் மகியங்கனை விகாரையைத் தரிசிக்க வந்தபோது, அச்சந்தையின் வணிகரும் குடிகளும் அவன்முன் சென்று, அதிகாரிகள் முன்னைய விதிகளை மீறித் தம்மிடம் முறையற்ற வரி அறவிடுகின்றனர் என்று முறையிட்டனர். மன்னன் கேட்டான், விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். அச்சந்தையிற் பொருளை இறக்காது கடந்து செல்வோரிடம் சுங்கம் வாங்கலாகாது. அங்கீகாரம் பெறாத அளவைகளால் நிறுக்கலாகாது. போயா நாளில் வியாபாரம் செய்யலாகாது என இவ்வாறு பல.

நாம் இதனை விளக்கிக்கொண்டிருக்கையிற் பிள்ளைகளின் கண்கள் வீதியில் ஐஸ்கிறீம் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தன. கூர்ந்து கேட்டவர் தாயார் ஒருவரே.

"தராசுக்கா சேர் சட்டம் போட்டாரு?"

"ஆம், தராசுக்குத்தான்."

"ஆயிரம் வருசத்துக்கு முந்தியா?"

"அதற்கும் மேல்."

அவர் தூணின் அருகே சென்று நின்றார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கிற் கழிக்கப்படும் கதையைத் தோட்டத்திற் பிறந்தவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அவர் அதுபற்றி ஒன்றும் பேசவில்லை. "போய்ச் சொன்னாங்க பாருங்க, ராசாகிட்டயே" என்று மட்டும் மகளிடம் சொன்னார். பாடநூலில் இச்சாசனத்தைப் பலமுறை படித்துள்ள நாம், அதனை ஒரு முறைப்பாட்டின் வெற்றியாக அன்றுதான் படித்தோம்.

அங்கிருந்து முதியங்கணை விகாரை தொலைவன்று. புத்தர் பெருமானின் பாதம் பட்டனவாகப் பௌத்தர்கள் போற்றும் பதினாறு தலங்களுள் இது ஒன்று. மகரதோரண வாயிலைக் கடந்து, செருப்பைக் கழற்றி, பூத்தட்டு ஏந்தி நின்றோம். உள்ளே வெண்மணலும் அமைதியும். பக்கத்தில் நின்ற சிங்கள மூதாட்டியார் நம் சிறியவளின் கையிற் பூவைக் கொடுத்து எங்கே வைப்பதெனக் காட்டினார். நகரின் மற்றொரு பக்கத்திற் கதிர்காமத் தேவாலயம் உண்டு. முருகனடியார் அங்கு அந்நியராக உணர வேண்டியதில்லை.

சென்ற் மார்க் தேவாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1857இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தச் சிறிய கட்டடம் மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நினைவாக எழுந்தது. ஊவாவில் வீதிகள் அமைத்த நிர்வாகி அவர். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் சுட்டுக் கொன்றவர் என்பதும் அவர் புகழ்! 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். "யானைய எல்லாம் கொன்னவருக்கா கோயில் கட்டினாங்க?" என்று மாணவியின் தம்பி கேட்டான். வீதி அமைத்ததற்காக என்று கூறினோம். அவன் முகத்தில் நிறைவு காணப்படவில்லை. நமக்கும்தான்.

துன்ஹிந்தவுக்கு மகியங்கனை வீதியிற் செல்லும் பஸ் வண்டியில் ஏறி வாயிலில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஒற்றையடிப் பாதை. ஓரிடத்திற் படி, ஓரிடத்திற் பாறை, ஓரிடத்தில் மரவேர். வழியிற் 'குடா துன்ஹிந்த' எனப்படும் சிற்றருவி பள்ளத்திலே தென்படும். அதையே பெரிய அருவியென்று எண்ணித் திரும்பிவிட்டோர் உண்டென வழிக் கடைக்காரர் ஒருவர் கூறினார். வியாபாரத்துக்காகச் சொன்னாரோ, அறியோம். சோளமும் பெலிமல் பானமும் விற்கிறார்கள். குரங்குகளிடம் கவனம் தேவை. நம் பருப்பு வடைப் பொதியை ஒரு குரங்கு நம் கண் முன்னே பறித்து, மரத்திலேறி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து உண்டது. செத்தல் மிளகாய் அகப்பட்டபோது அது நம்மைப் பார்த்த பார்வையை நம் மக்கள் இன்றும் நடித்துக் காட்டுவர்.

வளைவொன்று திரும்பியதும் அருவி எதிரே நிற்கின்றது. பதுளு ஓயா அறுபத்து நான்கு மீற்றர், அதாவது இருநூற்றுப் பத்தடி உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுந்து, அடியில் நீராகச் சேராமற் புகையாக எழுகின்றது. துன்ஹிந்த என்ற பெயருக்கே புகைபோன்ற நீர்த்திவலையைக் காரணமாகக் கூறுவர். கச்சான் காலத்தில் நீர் சற்றுக் குறைவு. ஆயினும் பார்வை மேடையில் நின்றோர் முகமெல்லாம் நனைந்தது. பிள்ளைகள் கூவினர். தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பதுளைப் பாலத்துக்குக் கீழ ஓடுற தண்ணியா இது?" என்று கேட்டார். அதே தண்ணீர்தான். கீழே இறங்கி நீராட முயலலாகாது; உயிர்கள் போயிருக்கின்றன. பெற்றோர் இதிற் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

இரண்டாம் பிரயாணம் மூன்று வாரத்தின்பின் புகையிரதத்தில். இம்முறை புறப்படலாமா என்று நம்மைக் கேட்டவர் தாயாரே. லயத்தார் சிரித்தார்களா என்று நாம் கேட்டதற்கு, "சிரிச்சாங்க. இப்ப ரெண்டு பேரு கூட வாறேங்கிறாங்க" என்றார். ஆக ஒன்பதின்மரானோம். மூன்றாம் வகுப்புச் சீட்டு, பதுளையிலிருந்து தெமோதரை.

கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. எஞ்சியது முப்பது கிலோமீற்றர் அளவுதான். அதைக் கடந்து பதுளைக்கு வந்து சேர 1924ஆம் ஆண்டு வரை, முப்பது வருடம் சென்றது! அத்துணைக் கடினமான மலை. நாம் சென்றது அதன் நூறாவது ஆண்டில்.

ஹாலிஎல கழிந்து உடுவரையும் கழிந்து வண்டி மூச்சு வாங்கி ஏறுகின்றது. திடீரென ஒரு குகை, இருள், பிள்ளைகளின் கூச்சல். வெளிவந்து ஒரு குன்றைச் சுற்றி மெல்ல ஏறி நிலையத்தில் நிற்கின்றது. இறங்கியதும் பிள்ளைகளை மேடையோரம் அழைத்துச்சென்று கீழே பார்க்கச் சொன்னோம். சற்று முன் நாம் நுழைந்து வந்த குகை நம் காலடியில் இருந்தது! வண்டி தான் வந்த பாதைக்கு மேலேயே ஏறி நிற்கின்றது. மலை மிகச் செங்குத்தாயிருந்தமையால் நேரே ஏற இயலாது, பாதையை ஒரு வளையமாகச் சுற்றி உயரத்தை வென்றனர். அம்மாணவியின் தம்பி மூன்று முறை மேடையின் இரு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தான். நாராவின் தூண் துளைக்கு நம் ஊர்ப் பதில் இது என்று வகுப்பிற் கேட்ட மாணவனுக்கு மறுநாளே கூறினோம்.

இவ்வளையம் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. பாதையை எவ்வாறு ஏற்றுவது என்று திகைத்து நின்ற பொறியியலாளர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் தலையைச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இவ்வுபாயத்தைக் கற்றாராம். கதையோ மெய்யோ, தலைப்பாகை நம்மவருடையது என்பதிற் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

தாயார் சிரிக்கவில்லை. "எங்க பாட்டனுக்கு அப்பா ரோட்டுக்குக் கல்லு ஒடச்சாரு, ரயிலுக்குக் கல்லு ஒடச்சாருன்னு பாட்டி சொல்லுவாங்க. எந்த எடம்னு சொல்லல" என்றார். பிறகு குகை வாயிலின் கற்களை நெடுநேரம் பார்த்திருந்தார். நாம் என்ன சொல்ல? கல்லுக்குப் பெயரில்லை, கூலிக் கணக்கிலும் அவர்தம் முழுப் பெயர் இருந்திருக்குமோ என்னவோ.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் முடிவுற்றது, தொண்ணூற்றொரு மீற்றர் நீளம், இருபத்து நான்கு மீற்றர் உயரம். உருக்குச் சட்டமே இன்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுந்தது. முதலாம் உலகப் போருக்கு உருக்கெல்லாம் சென்றுவிட்டமையால் இங்ஙனம் கட்டினர் என்பர். இன்று உலகின் நானா திசையிலிருந்தும் வந்து படம் பிடிக்கின்றனர். தண்டவாளத்தில் நின்று படமெடுக்கும் மடமையை மாத்திரம் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளாதிருப்பாராக! பக்கத்து மேட்டில் அமர்ந்து வண்டி கடப்பதைப் பார்ப்பதே இன்பம். நாமும் அங்ஙனமே அமர்ந்து மீதி ரொட்டியை உண்டோம். பாலத்தின் கீழும் மேட்டின் மேலும் தேயிலை.

அப்பொழுது நம் மாணவி ஒன்று சொன்னாள்: "சேர், இங்க இருந்து பாத்தா எங்க தோட்டமும் இப்படித்தான் இருக்கும் போல."

இத்தகைய பிரயாணங்களுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. சோற்றுப் பொதி, போத்தலில் நீர், பழைய குடை, உறுதியான செருப்பு. காலையிற் புறப்பட்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். ஹாலிஎலவுக்கு அப்பால் போகொடை என்னுமிடத்திற் கூரையுள்ள பழைய மரப்பாலம் ஒன்றுண்டு. கூட்டம் விரும்பாதவர் அங்கே செல்லலாம்.

ஆனால் மழைக்காலத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. நம் மலைகள் அழகானவை; நம்பத்தக்கவையல்ல. 2014 ஒக்ரோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறக்கவியலாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. மலையக இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. எனவே எங்குப் புறப்படினும் புகையிரத நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் பாதை நிலவரத்தைக் கேட்டறிந்தே செல்க. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் அருவியைக் கனவிலே காண்பது போதும்.

அப்புயலில் நம் மாணவியின் தோட்டத்திலும் லயத்துக்கு மேலே மண் இறங்கிற்று. தூரதேசத்தார் நின்று பார்ப்பதாக அவள் எழுதினாளே, அதே மேடுதான். உயிருக்கு ஊறு நேரவில்லை. குடும்பங்கள் பாடசாலை மண்டபமொன்றிற் பல நாள் தங்கின. அரிசியும் உடுதுணியும் எடுத்துக்கொண்டு நாமும் இல்லத்தரசியும் சென்றோம். பாய்களுக்கு நடுவே கல் வைத்து மூட்டிய அடுப்பிலே தாயார் நமக்குத் தேநீர் வைத்தார்.

முன்பு எல்லவிலிருந்து திரும்புகையில் நம் மகன், அடுத்த முறை அப்புத்தளைக்குப் போய்த் தம்பேத்தன்னத் தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் ஆசனத்தைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தான். 1890இல் ஆங்குத் தேயிலைச் சாலை நிறுவிய லிப்டன் துரை அமர்ந்து மலைகளை நோக்கியிருந்த இடம் அது. "தொர உக்காந்த எடத்தப் பாக்கவா காசு குடுத்துப் போகணும்?" என்று தாயார் அன்று கேலி செய்தார். பரீட்சை முடியட்டும் என்று அப்பேச்சு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

தேநீரைக் கையிற் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "சேர், அந்தத் தொர உக்காந்த எடம் இடிஞ்சு விழுந்திருச்சா?"

இல்லை, இருப்பதாகவே கேள்வி என்றோம்.

"அப்பப் போவோம்" என்றார்.